மகள் கொடி உறுதிமொழிக்கு எழுந்து நிற்க மாட்டேன் என்கிறாள், கடிதத்தில் கையெழுத்துப் போடுவதா?

கொங்கன்_டாலஸ்:

வணக்கம். நேரே விஷயத்துக்கு வருகிறேன், திங்கட்கிழமைக்குள் பள்ளிக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

டெக்சாஸில் டாலஸுக்கு வடக்கே இருக்கிறோம். மகளுக்கு 13 வயது, அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு. மூன்று வயதில் கோயம்புத்தூரிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தோம். போன வாரம் உதவி முதல்வரிடமிருந்து ஒரு மின்னஞ்சல். ரொம்ப மரியாதையாக எழுதியிருந்தார், அதைப் பார்த்துத்தான் எனக்கு இன்னும் பயம். உங்கள் மகள் நான்கு நாட்களாகக் காலையில் அமெரிக்கக் கொடிக்கு விசுவாசமாக இருப்பேன் என்று எல்லோரும் நின்று சொல்லும் உறுதிமொழியின்போது உட்கார்ந்தே இருக்கிறாள், யாருக்கும் தொந்தரவு தரவில்லை, ஆனால் இந்த மாநிலச் சட்டப்படி உறுதிமொழி சொல்லாமல் இருப்பதற்குப் பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும், தருகிறீர்களா அல்லது அவளிடம் பேசுகிறீர்களா என்று கேட்டிருந்தார்.

பேசினேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

நான் படித்தது பொள்ளாச்சி பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளி. திங்கட்கிழமை வெயிலில் வரிசை, தமிழ்த்தாய் வாழ்த்து, கொடியேற்றம், உறுதிமொழி, பி.டி. வாத்தியார் கையில் பிரம்பு. நடுவில் ஒருத்தன் மயங்கி விழுந்தால் அவனை நிழலுக்குத் தூக்கிப் போவார்கள், மற்றவர்கள் அசையக் கூடாது. நிற்கலாமா வேண்டாமா என்ற யோசனையே எங்களில் யாருக்கும் வந்ததில்லை. இங்கே பிள்ளைகள் வாத்தியார் வகுப்புக்குள் வந்தால் எழுவதில்லை, மேசைமேல் கால் போடுகிறார்கள், கேட்டால் ஏன் என்று திருப்பிக் கேட்கிறார்கள். சரி, ஊர் அப்படி, பழகிக்கொள்வோம் என்று பத்து வருடம் ஓட்டிவிட்டேன். ஆனால் இது கொடி விஷயம். சோறு போடுகிற நாடு.

அவள் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன், தமிழும் ஆங்கிலமும் கலந்து சொன்னதைத் தமிழில்: "அப்பா, அஞ்சு வயசுல இருந்து தினமும் நெஞ்சுல கை வச்சுச் சொல்றேன். 21 ஆனா இவங்களே என்னைக் கிளம்பச் சொல்லுவாங்க. விசுவாசமா இருப்பேன்னு நான் எதுக்குச் சத்தியம் பண்ணணும்?"

எனக்கு வாயடைத்துவிட்டது. என் கிரீன் கார்டு வரிசைத் தேதி 2017. இந்தியாவில் பிறந்தவர்களுக்கான வரிசை நகரும் வேகம் இங்கே எல்லோருக்கும் தெரியும். அவள் என் வேலை விசாவை ஒட்டிய எச்-4 விசாவில் இருக்கிறாள், 21 வயதில் அது முடிந்துவிடும். இதையெல்லாம் அவள் எதிரில் உட்கார்ந்து பேசியது நாங்கள்தான், தூங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு.

மனைவி ஒரே பிடியாக இருக்கிறாள்: எதையும் எழுத்தில் தராதே, நாளைக்கு விசாவில் வந்து நிற்கும். மகள் கையெழுத்துக் கேட்கிறாள். நான் நடுவில். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ரவி_ஆஸ்டின்:

ஃபோனைப் பிடுங்கி வையுங்கள், இரண்டே நாளில் எழுந்து நிற்பாள். எல்லாம் அதிலிருந்து வருவதுதான்.

கொங்கன்_டாலஸ்:

பள்ளியிலேயே பிடுங்கிவிட்டார்கள் சார். 2025லிருந்து இந்த மாநிலத்தில் பள்ளி நேரம் முழுக்க ஃபோன் கூடாது என்று சட்டம், உங்களுக்கும் தெரிந்திருக்குமே. இது ஃபோன் இல்லாமல் வந்த யோசனை.

சான்_ஆண்டோனியோ_அப்பா:

நான் எழுதப் போவது சிலருக்குப் பிடிக்காது. என் பையன் கடற்படையில் இருக்கிறான், இரண்டு வருடம் ஆகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கான ராணுவப் பயிற்சித் திட்டமான ஜே.ஆர்.ஓ.டி.சி.யில் சேர்ந்தபோது நானும் உங்களைப் போலத்தான் கத்தினேன், மருத்துவம் படிக்க வேண்டியவன் சீருடை மாட்டிக்கொண்டு நடைபழகுகிறானே என்று. இப்போது சொல்கிறேன், அவனிடம் நான் பார்த்த ஒழுக்கம் என் பிரம்படிப் பள்ளியில் யாரிடமும் பார்த்ததில்லை. சட்டையைத் தானே தேய்ப்பான், பேசிக்கொண்டிருப்பவரை இடைமறிக்க மாட்டான்.

நவம்பர் 11 படைவீரர் தினத்துக்கு அவன் பள்ளியில் விழா வைப்பார்கள். ஒவ்வொரு படைக்கும் உரிய பாட்டை இசைக்கும்போது அந்தப் படையில் இருந்தவர்கள் எழுந்து நிற்க வேண்டும். ஒரு வருடம் எனக்கு முன்வரிசையில் ஒரு கிழவர், நடைச்சட்டம் பிடித்துத்தான் நடக்கிறவர், தரைப்படைப் பாட்டு வந்ததும் எழப் பார்க்கிறார், முடியவில்லை. கால்பந்துச் சட்டை போட்ட இரண்டு பையன்கள், வழக்கமாக நடைவழியில் கத்திக்கொண்டு ஓடுகிற ரகம், யாரும் சொல்லாமல் போய் இரண்டு பக்கமும் தோளைக் கொடுத்தார்கள். பாட்டு முடியும்வரை பிடித்துக்கொண்டு நின்றார்கள். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு மரியாதை தெரியாது என்று அதற்கப்புறம் நான் சொல்வதை விட்டுவிட்டேன்.

அதனால் உங்கள் மகளிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: எழுந்து நில், வாயைத் திறக்க வேண்டாம். விசா வரிசைக்கும் அந்தக் கிழவருக்கும் சம்பந்தம் இல்லை. அரசாங்கத்தின் மேல் கோபம் நியாயம்தான். அதைக் கொடியின் மேல் காட்டுவானேன்?

எடிசன்_மல்லிகா:

தம்பி, நான் நியூஜெர்சியில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஒன்பது வருடமாக உதவி ஆசிரியையாக இருக்கிறேன். தினமும் காலையில் இந்த உறுதிமொழியைப் பார்க்கிறவள் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஒலிபெருக்கி கரகரக்கும். எழுவார்கள். ஒருத்தன் வாயில் பாதி கிரானோலா பார் இருக்கும். ஒருத்தி ஷூ லேஸ் கட்டுவாள். ஒருத்தன் வலது கையா இடது கையா என்று இன்னும் குழம்புவான், ஏழாம் வகுப்பில். வாய்கள் அசையும், சத்தம் வராது. "பிரிக்க முடியாத ஒரே தேசம்" என்று வருகிற இடத்தில் இருக்கும் "இண்டிவிசிபிள்" என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று ஒருநாள் கேட்டேன், இருபத்து மூன்று பேரில் நான்கு பேருக்குத் தெரிந்தது. அதை "இன்விசிபிள்" என்று நினைத்து, "கண்ணுக்குத் தெரியாத தேசம்" என்று ஒரு பையன் ரொம்ப நம்பிக்கையோடு சொன்னான். உங்கள் பெண் அந்த வரிகளை அர்த்தம் புரிந்து படித்திருக்கிறாள், அதில்தான் வம்பே வந்திருக்கிறது.

வருடத்துக்கு ஒன்றிரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். கொடிக்கு வணக்கம் செய்வதைத் தங்கள் மதம் ஏற்காது என்கிற யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் வீட்டுப் பிள்ளைகள், வேறு காரணம் உள்ளவர்களும் உண்டு. எங்கள் மாநிலத்தில் உட்காருகிறவர்கள் எழுந்தாவது நிற்க வேண்டும் என்று ஒரு சட்டம் இருந்தது, 1978லேயே கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அது செல்லாது என்றுவிட்டது. அதனால் நாங்கள் எதுவும் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் வந்ததில்லை, ஏனென்றால் அப்படி உட்காருகிற பிள்ளை எனக்கு ஒருநாளும் தலைவலி கொடுத்ததில்லை. தலைவலி கொடுப்பவன் நெஞ்சில் கை வைத்து நின்றுவிட்டு, ஒன்பதரை மணிக்குக் கழிப்பறை அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு போய் அங்கே வேப் இழுத்துக்கொண்டிருப்பான்.

ஒழுக்கம் என்று பேசினால் அங்கேதான் பேச வேண்டும். பிரம்பு இங்கே கிடையாது, நியூஜெர்சி 1867லேயே பள்ளியில் அடிப்பதைத் தடை செய்த மாநிலம். (உங்கள் டெக்சாஸில் பெற்றோர் எழுத்தில் மறுக்காவிட்டால் இன்றும் சட்டப்படி அடிக்கலாம், பல மாவட்டங்கள் தாங்களாகவே விட்டுவிட்டன. அடிக்க வேண்டாம் என்பதற்கும் கடிதம், உறுதிமொழி வேண்டாம் என்பதற்கும் கடிதம், நல்ல மாநிலம்.) எங்களிடம் இருப்பது காகிதம்தான். வாய்க்கு வாய் பேசினால் ஒரு படிவம், மூன்று படிவம் சேர்ந்தால் பள்ளி முடிந்தபின் ஒரு மணி நேரம், அதற்கும் மேலே போனால் தனி அறையில் நாள் முழுக்க. நன்றாக இருப்பவர்களுக்கு வண்ணச் சீட்டு, சேர்த்துவைத்தால் பென்சில், பீட்சா. சில பிள்ளைகளிடம் வேலை செய்கிறது, சிலர் சீட்டை எங்கள் எதிரிலேயே கிழித்துப் போடுகிறார்கள். ஆளில்லாமல் ஒரே வாரத்தில் மூன்று வகுப்புக்கு நான் ஓடியிருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஒரே குறும்பு, ஒரே வாய், ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே தண்டனை விழுவதில்லை. 2013-14 கல்வியாண்டை வைத்து அரசாங்கத் தணிக்கை அமைப்பே கணக்கெடுத்தது: அரசுப் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகள் சுமார் 15.5 சதவீதம், இடைநீக்கம் செய்யப்பட்டவர்களில் அவர்கள் சுமார் 39 சதவீதம். "எல்லோருக்கும் நீதி" என்று தினமும் காலையில் சொல்லிவிட்டு இதைப் பார்க்கும் பிள்ளைகள் ஒன்றும் யோசிக்க மாட்டார்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

சான் ஆண்டோனியோ அண்ணா, அந்தக் கிழவர் கதை என்னை உலுக்கியது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பையன்களை யாரும் எழச் சொல்லவில்லையே, அதனால்தானே உங்களுக்கு நினைவில் நிற்கிறது?

பழைய_பேப்பர்:

இந்த உறுதிமொழியின் வரலாறு தெரியாமல் இரண்டு பக்கமும் சண்டை போடுகிறோம், அதனால் கொஞ்சம் எழுதுகிறேன்.

எழுதியவர் ஃபிரான்சிஸ் பெல்லாமி, ஒரு பாப்டிஸ்ட் போதகர், சோஷலிஸ்டும்கூட. 1892ல் கொலம்பஸ் வந்து 400 ஆண்டு நிறைவுக்காக ஒரு சிறுவர் பத்திரிகையில் வந்தது. அந்தப் பத்திரிகை பள்ளிகளுக்குக் கொடியும் விற்றுக்கொண்டிருந்தது, அதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள். முதலில் "என் கொடி" என்றுதான் இருந்தது. குடியேறி வந்தவர்கள் மனதுக்குள் பழைய நாட்டுக் கொடியை நினைத்துக்கொண்டு சொல்லிவிடுவார்களோ என்று 1920களில் "அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கொடி" என்று மாற்றினார்கள். ஆக நம்மைப் போன்றவர்கள் மேல் சந்தேகம் அதில் அப்போதே ஏறிவிட்டது. "கடவுளின் கீழ்" என்பது 1954ல், ஐசனோவர் காலத்தில் சேர்ந்தது. நெஞ்சில் கை வைப்பதும் பிற்பாடு வந்ததுதான், அதற்கு முன் கொடியை நோக்கிக் கையை நேராக நீட்டுவார்கள். ஹிட்லர் ஆட்களின் வணக்கம் மாதிரியே இருக்கிறதே என்று 1942 டிசம்பரில் அதைக் கைவிட்டார்கள்.

இப்போது வழக்கு. பென்சில்வேனியாவில் யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் கொடி வணக்கம் செய்ய மறுத்துப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1940ல் உச்ச நீதிமன்றம் 8-1 என்று பள்ளி பக்கம் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு வந்த கையோடு பல ஊர்களில் அந்த மதத்தவர்களை அடித்தார்கள், மெய்ன் மாநிலத்தில் ஒரு கூட்ட அரங்கையே கொளுத்தினார்கள். மூன்றே வருடம். மேற்கு வர்ஜினியாவில் இரண்டு சிறுமிகள், பார்னெட் குடும்பம் (நீதிமன்றப் பதிவில் அந்தப் பெயரைக்கூடத் தப்பாக எழுதியிருக்கிறார்கள்), அதே மறுப்பு, அதே நீக்கம். இந்த முறை 6-3 என்று பிள்ளைகள் பக்கம். தீர்ப்பு வந்த நாள் 1943 ஜூன் 14, கொடி தினம். உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். நீதிபதி ராபர்ட் ஜாக்சன் எழுதியதன் சாரம்: நம் அரசியல் சாசன வானத்தில் அசையாத நட்சத்திரம் ஒன்று உண்டென்றால் அது இதுதான், அரசியலிலோ தேசியத்திலோ மதத்திலோ எது சரி என்று எந்த அதிகாரியும், பெரியவனோ சிறியவனோ, விதிக்க முடியாது.

இது அமெரிக்கத் திமிர், நம் ஊரில் நடக்குமா என்று யாராவது கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன், நம் ஊரிலும் நடந்தது. 1985ல் கேரளாவில் இதே மதத்தைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றார்கள், பாடவில்லை. பள்ளி நீக்கியது. கேரள உயர் நீதிமன்றம் கைவிரித்தது. 1986ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார், தீர்ப்பில் இந்த மேற்கு வர்ஜினியா வழக்கையும் எடுத்துப் பேசினார். நம் மரபு சகிப்பைக் கற்பிக்கிறது, நம் தத்துவம் அதைப் போதிக்கிறது, நம் சாசனம் அதைக் கடைப்பிடிக்கிறது, அதை நீர்த்துப்போக விட வேண்டாம் என்று முடிகிற தீர்ப்பு அது. பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று தேடினால் கிடைக்கும்.

ஒரு வித்தியாசத்தையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பிள்ளைகள் நின்றார்கள். உங்கள் பெண் உட்காருகிறாள். சான் ஆண்டோனியோக்காரர் சொல்வது ஏறக்குறைய கேரளத் தீர்ப்பு, மல்லிகா அம்மா சொல்வது நியூஜெர்சி.

டெக்சாஸில் பெற்றோர் கடிதம் கேட்பது சரியா என்பது தனி வாக்குவாதம். உரிமை பிள்ளையுடையதா பெற்றோருடையதா என்பதுதான் அதில் சிக்கல். ஃப்ளோரிடாவில் இதேபோன்ற ஒரு சட்டத்தில் பெற்றோர் சம்மதம் கேட்கும் பகுதியை 2008ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விட்டுவைத்தது. அதனால் நடைமுறைக்குச் சொல்கிறேன், கடிதம் கொடுத்துவிட்டால் தலைவலி அன்றோடு முடியும்.

விசா பற்றி: பிள்ளை பள்ளியில் உறுதிமொழி சொன்னாளா என்று கேட்கும் கட்டத்தை இத்தனை வருடத்தில் நான் நிரப்பிய எந்தப் படிவத்திலும் பார்த்ததில்லை. நான் வக்கீல் இல்லை, மனைவிக்கு மனசு ஆறவில்லை என்றால் உங்கள் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சான்_ஆண்டோனியோ_அப்பா:

மல்லிகா அம்மா, கேள்வி நல்ல கேள்வி. நேற்று ராத்திரி பையன் கூப்பிட்டபோது அவனிடமே கேட்டேன். "உட்கார்ந்துட்டுப் போகட்டும்பா, அதுக்கும் சேர்த்துத்தானே நாங்க கப்பல்ல இருக்கோம்" என்றான். எனக்கு இன்னும் முழுசா ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் சொன்னதை எழுதிவிட்டேன்.

நிலா_ஜார்ஜியா:

மாமா, நான் உங்கள் மகளுக்குப் பத்து வயது மூத்தவள், அதே எச்-4 பிள்ளை. நான்கு வயதில் திருச்சியிலிருந்து வந்தேன்.

நான் பதின்மூன்று வருடமும் நின்றேன். ஒருநாள்கூட உட்கார்ந்ததில்லை. வகுப்பில் உறுதிமொழியை முன்னால் நின்று சொல்ல ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுப்பார்கள், ஐந்தாம் வகுப்பில் அது நான்தான், அம்மா அதற்காகவே ஒரு நீலச் சட்டை வாங்கினார். பதினோராம் வகுப்பில் குடிமையியலில் முதல் மதிப்பெண். அதே வருடம் உதவித்தொகைப் படிவம் ஒன்றை நிரப்பும்போது முதல் கேள்வியிலேயே குடியுரிமையா கிரீன் கார்டா என்று கேட்டது. இரண்டும் இல்லை. மூடி வைத்துவிட்டேன். 20 வயதில் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறினேன், அதாவது நான் வளர்ந்த ஊரிலேயே வெளிநாட்டு மாணவி ஆனேன். தம்பி இங்கே பிறந்தவன், அவனுக்கு இது எதுவும் இல்லை, ஒரே வீட்டில்.

எனக்கு இந்த நாட்டின் மேல் வெறுப்பு கிடையாது. ஜூலை 4 வாணவேடிக்கைக்கு இன்றும் முதல் ஆளாகப் போர்வையோடு போய் இடம் பிடிப்பேன். ஆனால் உங்கள் மகள் 13 வயதில் வாய்விட்டுச் சொன்னதை நான் 20 வயதுவரை யாரிடமும் சொல்லவில்லை. என் அப்பாவிடமும் சொல்லவில்லை, அவர் ஏற்கனவே தன்னைத்தானே திட்டிக்கொண்டிருந்தார் என்று தெரியும்.

கையெழுத்துப் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். அவள் உங்களிடம் சொன்னாளே, அதற்கு அவளைத் திட்டாதீர்கள், அவ்வளவுதான்.

கொங்கன்_டாலஸ்:

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், பாதியில் விட்டால் நன்றாக இருக்காது.

நிலா, உங்கள் பதிலை வீட்டில் சத்தமாகப் படித்தேன். நீலச் சட்டை வந்த இடத்தில் மனைவி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். திரும்பி வந்தவள், "சரி, எழுதிக் குடுங்க, ஆனா காரணம் எதுவும் எழுதாதீங்க" என்றாள். வக்கீலுக்கும் ஒரு வரி அனுப்பினேன், இதில் கவலைப்பட ஒன்றுமில்லை என்று பதில் வந்தது.

மகளிடம் கேரளப் பிள்ளைகள் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அவங்க அப்பா அவங்க பக்கம் இருந்தாரா?" என்று மட்டும் கேட்டாள். இருந்திருப்பார், அவர் இல்லாமல் வழக்கு டெல்லிவரைக்கும் போயிருக்காது என்றேன்.

சனிக்கிழமை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கடிதம் எழுதினோம். நான் எழுதியதை அவள் திருத்தினாள், என் ஆங்கிலத்தில் "தயவுகூர்ந்து" நிறைய இருக்கிறதாம். இங்கே அமெரிக்க உறுதிமொழி முடிந்ததும் டெக்சாஸ் உறுதிமொழி தனியாக ஒன்று உண்டு, அதற்கப்புறம் ஒரு நிமிட மௌனம். இரண்டுக்கும் சேர்த்து எழுதப் போனேன், தடுத்துவிட்டாள். முதலாவது மட்டும் போதுமாம். டெக்சாஸுக்கு நிற்பாளாம், வாய்விட்டுச் சொல்வாளாம். ஏன் என்றேன். "டெக்சாஸ் என்னைக் கிளம்புன்னு சொல்லலையேப்பா." மௌனத்துக்கும் நிற்பாளாம், அந்த நேரத்தில் யாரையாவது நினைத்துக்கொள்ள வேண்டும் என்றால் உங்கள் கிழவரை நினைத்துக்கொள்கிறேன் என்றாள், சான் ஆண்டோனியோ அண்ணா. அவளாகத்தான் சொன்னாள், நான் கேட்கவில்லை.

ஞாயிறு இரவு அனுப்பினேன். பதில் எப்படி வருமோ என்று தூக்கமே இல்லை. திங்கள் காலை எட்டு பத்துக்கு உதவி முதல்வரின் மின்னஞ்சல், மொத்தமே இரண்டு வரி. முதல் வரி: கிடைத்தது, நன்றி, கோப்பில் வைத்துக்கொள்கிறோம். இரண்டாவது வரி: உங்கள் மகள் நூலகப் புத்தகம் ஒன்றை மூன்று வாரமாகத் திருப்பித் தரவில்லை.

புத்தகம் கட்டிலுக்கு அடியில் இருந்தது. அதற்குத்தான் இன்று திட்டு விழுந்தது.